அத்தியாயம் 3: தூசி எங்கே போய் நிற்கிறது?

போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கி வாசல், மாலை ஐந்தரை மணி. பகல் முழுக்கச் சுளகில் காய் புடைத்து, காம்பும் சருகும் நீக்கிப் பிரித்துப் போட்டுவிட்டு வெளியே வந்த ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் குழாயடியில் மூக்கைச் சிந்தினார். வந்தது பாதி பச்சை, பாதி கறுப்பு. "இதப் பாத்தாலே பயமா இருக்கு தம்பி. மூக்குலயே இம்புட்டுன்னா நெஞ்சுக்குள்ள எம்புட்டு போயிருக்கும்?" என்று கேட்டார்.

"மூக்கில் நின்றது நல்லதுக்குத்தான் அக்கா. அது வெளியே வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போனதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்" என்றேன். அந்தக் குழாயடிப் பேச்சுதான் விரிந்து இந்த அத்தியாயம் ஆகியிருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் தூசி இல்லாத பிழைப்பு குறைவு. பஞ்சு, ஏலக்காய், நெல், தென்னை நார், செங்கல் சூளை, கல்குவாரி, திராட்சைக்கு அடிக்கும் மருந்து, வீட்டில் விறகடுப்பு. எல்லாத் தூசியும் ஒரே இடத்துக்குப் போவதில்லை. பருமனைப் பொறுத்து ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். அது நிற்கும் இடம் தெரிந்தால் அது தரும் நோயும் தெரியும், செய்ய வேண்டியதும் தெரியும். மூச்சு மண்டலத்தின் அமைப்பை இந்த ஒரு கேள்வியை வைத்தே பார்த்துவிடலாம்.

கறிக்கடையில் ஒரு பாடம்

படம் பார்ப்பதைவிட ஆட்டு நுரையீரலைக் கையில் தூக்கிப் பார்ப்பது மேல். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் மூச்சுக்குழாயோடு சேர்த்து வெட்டித் தரச் சொல்லி வாங்குங்கள். தண்ணீரில் போட்டால் மிதக்கும். உடம்பின் மற்ற உறுப்புகள் மூழ்கும்போது இது மட்டும் மிதப்பது உள்ளே இருக்கும் காற்றால்தான். மூச்சுக்குழாயைத் தடவினால் வளையம் வளையமாக நெருடும். முன்பக்கம் கெட்டி, பின்பக்கம் மெத்தென்று இருக்கும். மனிதருக்கும் அப்படியே. 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள நம் மூச்சுக்குழாயில் 16 முதல் 20 வரை குருத்தெலும்பு வளையங்கள் உண்டு. குழாய் அமுங்கி மூடிவிடாமல் பிடித்துக்கொள்வது அவற்றின் வேலை. பின்பக்கம் எலும்பு இல்லாமல் விட்டிருப்பது, அதை ஒட்டியே உணவுக்குழாய் ஓடுவதால். சோற்றுக் கவளம் இறங்கும்போது அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

பப்பாளி இலைக் காம்பை மூச்சுக்குழாயில் செருகி, நூலால் இறுக்கிக் கட்டி, மறுமுனையில் சைக்கிள் பம்பை வைத்து மெதுவாக அடியுங்கள். வாயால் ஊத வேண்டாம். சுருங்கிக் கிடந்த சிவப்புச் சதை இளஞ்சிவப்பாக வெளுத்து விரியும். பம்பை எடுத்தால் தானாகவே சுருங்கும். மகளிர் குழுக் கூட்டத்தில் இதைச் செய்து காட்டியபோது, அதுவரை பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள். நுரையீரலில் தசை எதுவும் அதை இழுத்து விரிப்பதில்லை. அது வெறும் ரப்பர்ப் பைபோல. விரிக்கிற வேலையை வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே குடைபோல் கவிந்திருக்கும் உதரவிதானமும், விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகளும் செய்கின்றன. உதரவிதானம் கீழே இறங்கினால் நெஞ்சுக்கூடு பெரிதாகி, காற்று உள்ளே வரும். அது தளர்ந்து மேலேறினால் காற்று வெளியேறும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லிட்டர், நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு என்று வைத்தால் நாளொன்றுக்கு 10,800 லிட்டர். ஏறக்குறைய ஒரு தண்ணீர் லாரி அளவு காற்று.

மூக்கு என்னும் முதல் சல்லடை

மூக்குத் துளை ஒரு வெறும் ஓட்டை அல்ல. உள்ளே இருபுறமும் மும்மூன்று எலும்புத் தட்டுகள் சுருண்டு நிற்கின்றன. காற்று அவற்றின் மீது மோதி வளைந்து போகும்போது சூடாகிறது, ஈரமாகிறது, தன் தூசியை அந்த ஈரச் சுவரில் விட்டுவிடுகிறது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட தூசியில் பெரும்பங்கு மூக்கைத் தாண்டுவதில்லை. ஏலக்காய்ச் சருகும் நெல் உமியும் பஞ்சின் நீள இழையும் இந்த வகை. இவற்றால் தும்மல் வரும், மூக்கு அடைக்கும், நுரையீரல் கெடாது.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. மூச்சை மூக்கால் இழுத்தால்தான் இந்தச் சல்லடை வேலை செய்யும். மூட்டை தூக்குகிறவருக்கு நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் காற்று போதாது. நாற்பது லிட்டர்கூட வேண்டியிருக்கும். அவ்வளவையும் மூக்கால் இழுக்க முடியாமல் வாயைத் திறந்துவிடுகிறார். அந்த நேரத்தில் வாய் வழியே போகும் காற்று சல்லடையைத் தவிர்த்துவிடுகிறது. ஆகவே ஒரே கிட்டங்கியில் உட்கார்ந்து காய் பிரிப்பவரைவிட மூட்டை சுமப்பவரின் நெஞ்சுக்குள் அதிகத் தூசி போகிறது. முகக்கவசம் ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது சுமைக்காரருக்கே போக வேண்டும்.

துண்டைக் கட்டிக்கொண்டால் போதுமா என்று எல்லாரும் கேட்பார்கள். துண்டு பெரிய தூசியை மட்டும் தடுக்கும். அதை மூக்கே தடுத்துவிடும். நுண்தூசிக்கு என்-95 முகக்கவசம் வேண்டும். அதுவும் மூக்குப்பாலத்தில் இடைவெளி இல்லாமல் பதிந்திருக்க வேண்டும்.

புரை ஏறும் இடம்

மூக்குக்கும் வாய்க்கும் பின்னால் தொண்டையில் காற்றுவழியும் சோற்றுவழியும் ஒன்றாகிப் பிரிகின்றன. விழுங்கும்போது குரல்வளை மேலேறி, இலைபோன்ற ஒரு மூடி அதன்மேல் சாய்ந்து காற்றுவழியை அடைக்கிறது. பேசிக்கொண்டே சாப்பிட்டால் அது தவறிவிடும். புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள். உண்மையில் ஒரு பருக்கை வழி மாறியிருக்கிறது, இருமல் அதைத் துரத்துகிறது.

சிறு குழந்தைகளிடம் இது உயிர் விஷயம். வேர்க்கடலை, சீத்தாப்பழ விதை, சட்டைப் பொத்தான் ஆகியவை மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் பெரும்பாலும் வலப்பக்கம்தான் போகும். வலது கிளைக்குழாய் சற்று அகலம், நேராகக் கீழிறங்குவது. இடப்பக்கம் இதயம் இருப்பதால் இடது கிளை சாய்ந்து போகிறது. குழந்தை சத்தமாக இருமினால் இருமவே விடுங்கள். இருமல் சத்தம் வராமல், அழ முடியாமல், உதடு நீலம் பாரித்தால் தாமதிக்காதீர்கள். ஒரு வயதுக்குக் கீழ் என்றால் தலை தாழ்வாக இருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி, இரு தோள்பட்டைக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. பிறகு மல்லாத்தி, நெஞ்சின் நடுவே இரண்டு விரலால் ஐந்து அழுத்தம். அதற்கு மேற்பட்ட வயதினருக்கு முன்புறம் சாய்த்து முதுகில் ஐந்து தட்டு. பின்னால் நின்று அணைத்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து இழுப்பு. பொருள் வரும்வரை மாறி மாறிச் செய்யவும். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். குழந்தை நினைவிழந்தால் இதை நிறுத்திவிட்டு, தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவாதீர்கள். இன்னும் உள்ளே தள்ளிவிடும். இருமல் தானாக அடங்கியும் ஒரு பக்க நெஞ்சில் மட்டும் விசில் சத்தம் கேட்டால், விதை உள்ளேயே தங்கியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குழாயும் துடைப்பமும்

மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிறது, ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாக, இப்படிச் சுமார் இருபத்துமூன்று முறை. குழாயின் உட்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள், அவற்றின் மேல் கோழைப் படலம். மயிர்கள் ஒரு விநாடிக்குப் பத்துப் பதினைந்து முறை மேல்நோக்கி அடித்து, ஒட்டிய தூசியோடு கோழையைத் தொண்டைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நிமிடத்துக்கு அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை அது நகரும். நாம் தூங்கினாலும் இந்தத் துடைப்பம் தூங்குவதில்லை. பீடி, சிகரெட் புகை பட்டால் மட்டும் அது சோர்ந்து நின்றுவிடுகிறது. பல ஆண்டுகள் புகைத்தவருக்குக் காலை இருமல் வருவது இதனால்: துடைப்பம் செய்ய வேண்டியதை இருமல் செய்கிறது. தூசியில் வேலை செய்துகொண்டு பீடியும் குடிப்பவர், குப்பை கொட்டும் இடத்தில் துப்புரவாளரையும் வேலையைவிட்டு அனுப்பிவிட்டவர்.

இரண்டு முதல் பத்து மைக்ரான் வரையுள்ள பல தூசிகள் இந்தக் குழாய்களில் தங்கும். தேனி, போடி, ஆண்டிபட்டிப் பக்கம் ஜின்னிங் ஆலைகளிலும் நூற்பாலைகளிலும் பறக்கும் பஞ்சு நுண்தூசியின் இடம் இது. இங்கே கவனிக்க வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள், சில மணி நேரத்தில் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும், மறுநாள் குறையும், வார இறுதியில் ஒன்றும் இருக்காது. "லீவு முடிஞ்ச அலுப்பு" என்று தள்ளிவிடுகிறார்கள். பஞ்சோடு வரும் காய்ந்த இலைத்துணுக்கும் பாக்டீரிய நஞ்சும் குழாயைச் சுருங்க வைப்பதால் வருவது இது. பஞ்சுத் தூசி நோய் என்று பெயர். முதல் நாள் மட்டும் வரும் கட்டத்தில் வேலை இடத்தை மாற்றினால் சரியாகும். வாரம் முழுக்க வரும் கட்டத்துக்குப் போய்விட்டால் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. சட்டப்படி இது அறிவிக்க வேண்டிய தொழில் நோய், இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அங்கே இதைப் பதியச் சொல்லிக் கேட்க உரிமை உள்ளவர்கள்.

ஆஸ்துமா என்னும் இழுப்பும் இந்தக் குழாய்களில்தான். குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகி, உட்சுவர் வீங்கி, கோழை அடைக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று கணவாய்களின் வழியே பள்ளத்தாக்குக்குள் இறங்கும் ஆனி, ஆடி மாதங்களில் இது அதிகமாவதைப் பலரும் அறிவார்கள். "பம்பு அடிச்சா பழகிடும்" என்ற பயத்தால் இன்ஹேலரை விட்டுவிட்டு மாத்திரைக்குப் போவது நம் ஊரின் பெரிய தவறு. சால்பியூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். அதே மருந்து பம்பில் ஓர் அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம். நாற்பதில் ஒரு பங்கு. நேராகக் குழாய்க்கே போவதால் அவ்வளவு குறைவாகவே போதும். நிவாரணப் பம்பை அடிக்கடி எடுக்க வேண்டியிருந்தால், வீக்கத்தைக் குறைக்கும் தடுப்புப் பம்பும் தேவை என்று பொருள். மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒன்றே முக்கால் சென்ட்

குழாய்களின் கடைக்கோடியில் திராட்சைக் கொத்துபோல் காற்றுப் பைகள், முப்பது கோடிக்கு மேல். எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர். நம் கணக்கில் ஒன்றே முக்கால் சென்ட். ஒரு சிறு வீடு கட்டும் இடம் நெஞ்சுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பையின் சுவர் ஒரு மைக்ரான்கூடத் தடிமன் இல்லை. அதன் அந்தப் பக்கம் ரத்தம் ஓடுகிறது. ரத்தச் சிவப்பணு ஒன்று பையை உரசிக்கொண்டு போகும் நேரம் முக்கால் விநாடி. ஆக்சிஜனை ஏற்றிக்கொள்ள அதில் மூன்றில் ஒரு பங்கே போதும். உள்ளே போகும் காற்றில் 21 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் வெளியே வரும்போது சுமார் 16 சதவீதம். கரியமில வாயு ஏறக்குறைய நான்கு சதவீதம்.

இங்கே துடைப்பம் கிடையாது. சுவர் அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் கோழையும் மயிரும் வைக்க இடமில்லை. காவலுக்கு, தூசியை விழுங்கும் விழுங்கணுக்கள் மட்டுமே. எனவே இதுவரை வந்துவிடும் நுண்தூசிதான் மிகக் கொடியது. விறகடுப்புப் புகை ஒரு மைக்ரானுக்கும் கீழ். கல்குவாரித் தூசியை விழுங்கிய அணு தானே செத்து, அந்த இடத்தில் வடு விழும். அந்த வடுவுள்ள நுரையீரலில் காசநோய் எளிதாகக் குடியேறும். காசநோயாளி இருமும்போது வரும் துளி காற்றில் உலர்ந்து, ஒன்று முதல் ஐந்து மைக்ரான் அளவில் மிதக்கும். பைவரை போவதற்கு அளவெடுத்துச் செய்ததுபோல. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் இலவசம், சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்தும் இலவசம். நோயாளியை ஊரைவிட்டு ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை என்பதை உலகுக்கு நிரூபித்தது நம் சென்னைதான்: 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் இருந்தவர்களுக்கும் வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களுக்கும் ஒரே அளவு குணம் கிடைப்பதைக் காட்டியது.

பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்களில் அறுவடை முடிந்ததும் வைக்கோல் நனைந்து பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் போரைப் பிரித்தவருக்கு நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு வாங்கல் வந்தால் அது வைரஸ் காய்ச்சல் ஆகாமலும் இருக்கலாம். பூஞ்சண நுண்துகள் பைவரை போய் ஒவ்வாமை வீக்கம் உண்டாக்கும். போரைப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் இப்படி வருகிறதா என்று கவனியுங்கள்.

திராட்சைத் தோட்டத்துக்கு வருவோம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை பந்தலில் படர்வது. மருந்தடிப்பவர் தலைக்கு மேலே பீய்ச்சுகிறார். அது அவர் முகத்திலேயே இறங்குகிறது. ஆண்டு முழுக்கக் காய்ப்பதால் ஆண்டு முழுக்க மருந்தும் உண்டு. சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் எதிரான மருந்துகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை பழையது, பாதுகாப்பானது என்று நம்புகிறோம். போர்ச்சுகலில் திராட்சைத் தோட்டங்களில் பல ஆண்டுகள் அதைத் தெளித்தவர்களின் நுரையீரலில் செம்பு படிந்து வடுக்கள் விழுந்ததை 1969-ல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். தெளிப்பவர் நுரையீரல் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து இன்னும் வேகமானது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறி, நரம்புக் கட்டளையை நிறுத்தும் நொதியை முடக்கும். எச்சில் ஊறும், கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கும், குழாய்கள் சளியால் நிறையும், கடைசியில் உதரவிதானம் ஓய்ந்துவிடும். இப்படி ஒருவரைக் கண்டால், கையில் உறையோ பாலிதீன் பையோ மாட்டிக்கொண்டு அவர் சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். மருந்து நனைந்த துண்டை முகத்தில் கட்டியிருப்பது மூக்கருகே விஷத்தைக் கட்டிவைப்பதாகும். என்-95 கவசம் ஆவியைத் தடுக்காது. கரிக் குப்பி பொருத்திய கவசமே தடுக்கும். காற்று வீசும் திசைக்கு எதிராக நின்று அடிக்கக் கூடாது.

எச்சரிக்கை மணி அடிக்காத இடம்

மூளையின் அடித்தண்டு மூச்சை நடத்துகிறது. அது பெரும்பாலும் கவனிப்பது ரத்தத்தில் கூடும் கரியமில வாயுவை. குறையும் ஆக்சிஜனை அல்ல. மூச்சைப் பிடித்தால் வரும் முட்டல் கரியமில வாயுவால் வருவது. பாழுங்கிணறுகளில் மரணம் நடப்பதற்கு இதுவே காரணம். ஆக்சிஜன் குறைந்த காற்றில் இறங்கியவருக்கு மூச்சு முட்டாமலே போகலாம். சில மூச்சிலேயே மயங்கி விழுவார். கிணற்றுக்குள் டீசல் என்ஜின் ஓட்டினால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை; ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். ஒருவர் விழுந்தார் என்று அடுத்தவர் இறங்கினால் இரண்டு சாவு. அண்ணனைக் காப்பாற்றத் தம்பி இறங்கிய கதையை நம் ஊர்களில் கேட்காதவர் இல்லை. இறங்காதீர்கள். 101-ஐ அழையுங்கள். அவர்கள் காற்று உருளையோடு வருவார்கள்.

தீப்புகையிலும் இப்படி ஒரு ஏமாற்று உண்டு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயை நாம் மறக்கவில்லை. காட்டுத்தீயிலோ வீட்டுத்தீயிலோ தப்பியவரின் மூக்கில் கரி படிந்திருந்தால், குரல் கம்மியிருந்தால், அவர் நடமாடினாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சூடுபட்ட குரல்வளை சில மணி நேரம் கழித்தே வீங்கி அடைக்கும்.

வீட்டில் எண்ண வேண்டியது

காய்ச்சல், இருமலோடு இருக்கும் குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால் எண்ணிக்கொண்டிராமல் கிளம்புங்கள். பெரியவர்களுக்கு ஓய்வில் 24-ஐத் தாண்டினாலோ, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 94-க்குக் கீழே காட்டினாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பார்க்கப் போகும்போது ஒரு வேண்டுகோள். கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையமானாலும், சீட்டு எழுதும் இடத்தில் "என்ன வேலை?" என்று கேட்டால் நம்மவர்கள் "கூலி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். கேட்காவிட்டால் அதையும் சொல்வதில்லை. அப்படி விடாதீர்கள். எந்தத் தூசியில் நிற்கிறேன், எத்தனை வருஷமாக, மூச்சு வாங்குவது வேலை நாளிலா விடுமுறையிலா, என்ன மருந்து அடிக்கிறேன், அடுப்பு விறகா கேஸா என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் ஒரு வடு தெரியும்; அது பஞ்சாலையில் விழுந்ததா, குவாரியில் விழுந்ததா, அடுப்படியில் விழுந்ததா என்று எக்ஸ்ரே சொல்லாது. உங்கள் வாய்தான் சொல்ல வேண்டும்.